சத்தம் நின்றால் மலைக்கு

போன மாதம் பதுளையில் ஒரு வாசகர் கூட்டம். பேசி முடித்துவிட்டு, ஒரு கையில் தேநீரும் மறு கையில் உளுந்து வடையுமாக நின்றபோது ஓர் இளைஞன் வந்தான். கதை எழுதுகிறவனாம்.

"சேர், நீங்க ஒரு நிமிசத்துக்கு எத்தன சொல்லு டைப் பண்ணுவீங்க?"

எழுத்தாளனிடம் கேட்க எத்தனையோ இருக்கிறது. ஏன் எழுதுகிறீர்கள், யாருக்காக எழுதுகிறீர்கள், எப்போது நிறுத்தப் போகிறீர்கள். இவன் நேரே விரலுக்கு வந்துவிட்டான். "வேகமா அடிச்சாத்தானே சேர் நெறைய எழுதலாம்?" என்று காரணத்தையும் அவனே சொன்னான். பக்கத்து மேசையில் இருந்த கம்பியூட்டரில் வேகம் பார்க்கும் விளையாட்டு ஒன்றைத் திறந்து, என்னை உட்காரவும் வைத்தான்.

வடையை வைத்துவிட்டு அடித்தேன். திரை என்னை மெச்சி மத்தாப்புக் கொளுத்தியது. இளைஞன் வாயைப் பிளந்தான். இந்த வேகத்தில் எத்தனை புத்தகம் எழுதினீர்கள் என்று மட்டும் அவன் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

எழுந்த பிறகும் என் விரல்கள் நிற்கவில்லை. கால்சட்டையின் மேல் தட்டிக்கொண்டே இருந்தன. யாராவது வேகம் என்று சொன்னால் போதும், முதுகுக்குப் பின்னால் எங்கேயோ ஓர் இருமல் கேட்கும் எனக்கு. இந்த வேகம் வகுப்புக்குப் போய் வந்ததல்ல, பயத்தில் வந்தது. பயந்த பிள்ளைகள் ஓடும். நான் உட்கார்ந்த இடத்திலேயே ஓடிப் பழகியவன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் தெமோதரைக்கு மேலே. ஆட்களின் வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் எங்கள் காம்பரா கடைசிக்கு முந்தியது. காம்பரா என்றால் ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணை, பின்னால் புகை. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல் போதவில்லையோ மனசு போதவில்லையோ. அதனால் எங்கள் லயத்தில் யாரும் தனியாகத் தும்ம முடியாது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டில் இருமுவார்கள்.

அப்பா கங்காணி. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்ப்பது அவர் வேலை. பறித்தது அன்றைக்குச் சொன்ன நிறைக்கு வராவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அரைப்பேர். நாள் முழுக்க மழையில் நின்றிருந்தாலும் கணக்கில் அரை நாள்தான் வேலை. அப்பா அதிகம் பேசமாட்டார். மலைக்கு மேலே நின்று ஒருமுறை இருமுவார். கீழே நிரைக்கு நிரை கைகள் வேகம் பிடிக்கும்.

அடுத்த காம்பராவில் தலைவர் இருந்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவர் மனைவிக்கு அப்பா அந்தக் கார்த்திகையில் ஓர் அரைப்பேர் போட்டிருந்தார். அதன்பிறகு சுவருக்கு மேலிருந்த இடைவெளி வழியாக அவர் வீட்டுப் பேச்சு எங்கள் சோற்றுத் தட்டில் வந்து விழ ஆரம்பித்தது. போதாக்குறைக்கு, தலைவர் மழையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் வீட்டில் இருந்தார். செய்ய வேலையில்லாத ஒரு மனிதர், சுவரோடு ஒரு காது.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. தெமோதரை ஸ்டேசனிலிருந்து தலையில் சாக்கு மூட்டையோடு ஏறி வந்தார். மூட்டைக்குள்ளே மெசின் இருக்கிறது என்று தெரிந்ததும் லயத்துப் பெண்கள் ஜாக்கெட் துணியோடு வந்துவிட்டார்கள். அவிழ்த்துப் பார்த்தால், தையல் மெசின் இல்லை. தமிழ் டைப் மெசின்.

மாமா பதுளையில் அரசாங்கக் கச்சேரிக்குப் பக்கத்தில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளியின் டைப் கடையில் இருந்தவர். மனு கொடுக்க வருகிறவர்கள் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். மாமாவுக்குப் பத்து விரலும் வேலை தெரியும். ஆனால் நடுவில் நிறுத்திவிடுவார். "ஒங்க அண்ணன் அதுக்கு என்ன சொன்னாரு? வாசல்ல நின்னு சொன்னாரா, உள்ள வந்து சொன்னாரா?" என்று கேட்பார். வேலித் தகராறுக்கு மனு அடிக்க வந்த ஒருவர் கதையைச் சொல்லி அழுது முடித்து, மனம் லேசாகி, மனு இல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டாராம். காத்திருந்தவர்களின் வரிசை படியிறங்கித் தெருவுக்கு வந்தது. நானா மாமாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்கட வெரல்ல பழுது இல்ல. காதுலதான் பழுது. அது கதை கேக்க நின்டுடுது. பழைய மெசின் ஒன்டு சும்மா கெடக்கு, கொண்டு போங்க. அந்த நாடகத்த எழுதி முடிங்க. பொங்கல் கழிய மெசினக் கொண்டாங்க, ஆளப் பத்திப் பொறகு பாப்பம்."

நாடகம் வானொலிக்கு. தோட்டத்து எழுத்தாளர்களிடம் நாடகம் கேட்டிருந்தார்கள். பொங்கலுக்கு முன் போய்ச் சேர வேண்டும், டைப் அடித்திருக்க வேண்டும். மாமாவுக்கு உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக நான் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு நாடகத்தோடு பகை கிடையாது. கை கால் சுகமாக உள்ள ஒரு முழு ஆள் பகலில் வீட்டில் இருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சுவருக்கு மேலாகத் தலைவரின் குரல் வந்தது. மனைவியிடம் பேசுகிற மாதிரி, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"நம்ம வூட்டுப் பொம்பளைக்குக் கொழுந்து கொஞ்சம் கொறஞ்சா அரப்பேரு. கங்காணி வூட்டு ஆம்பள கட்டில்ல படுத்துக் கெடந்தா முழுப்பேரு. நல்ல தோட்டம்டி இது!"

அப்பா எச்சில் கையோடு எழுந்தார். "தலைவரே! எங்க மாப்ள வேல செய்றாரு. சத்தம் கேக்கலையா ஒங்களுக்கு?"

கேட்டது. பயத்தில் மாமா அந்த வினாடி இரண்டு எழுத்து அடித்திருந்தார்.

அன்று முதல் அதுவே சட்டம். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து மாமாவின் முன்னால் நின்றார். "எழுதுங்க மாப்ள. பொங்க வரைக்கும் எழுதுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சத்தம் கேக்கணும். சத்தம் நின்னா மறுநா காலையில பெரட்டுக்கு வாங்க, முள்ளு தாரேன்."

பெரட்டு, காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். முள்ளு, மண்ணைக் குத்திப் புரட்டுகிற கனத்த இரும்பு. அதைப் பிடித்த கை மாலையில் சோற்றுக் கவளத்தையே பிடிக்காது. மெசினை எங்கே பிடிப்பது? மாமா மலைக்குப் போனால் நாடகம் அன்றோடு முடிந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், எழுதுகிற வேலையில் சத்தம் வருகிற பகுதி மிகக் குறைவு. மாமா கட்டிலில் மல்லாந்து தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று எழுந்து ஒரு வரி அடிப்பார். மறுபடி படுத்துக் கூரையைப் பார்ப்பார். கொழுந்துக் கணக்கில் பார்த்தால் அரைப்பேர் கூடத் தேறாது. தலைவரோ, சத்தம் நின்றால் சுவரைத் தடியால் தட்டி, "என்ன தம்பி, இன்னைக்கு எத்தன கிலோ?" என்று கேட்கப் பழகிவிட்டார்.

"இன்னும் நிறுவைக்குப் போகல தலைவரே" என்பார் மாமா. குரலில் சிரிப்பிருக்கும். முகத்தில் இருக்காது.

எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. மாமா ஒருநாள் கூரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மருமகனே, மெசின் ஓட்ட ஆசையா?" என்று காதோடு கேட்டார்.

ஆசையாவது! தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மெசினை வைத்திருந்தார்கள். கட்டில் ஓரத்தில் என்னை உட்கார வைத்து, சுவருக்குக் கேட்காமல் கிசுகிசுத்தே முதல் பாடம் சொல்லித் தந்தார். இடது கை: யளனக. வலது கை: தமட. அடித்ததன் மேலேயே திரும்பத் திரும்ப அடிக்க ஒரு பழைய பத்திரிகைத் தாள்.

"தப்பா அடிச்சிட்டேன்னா மாமா?"

"தப்பாத்தான் அடிக்கணும். சரியா வந்துட்டா அது நாடகமாயிடும். அது என் வேல. ஒன் வேல சத்தம்."

இப்படியாக நான் எழுத்துத் துறையில் நுழைந்தேன். அப்பா மலைக்குப் போனதும் நான் ஏறி உட்காருவேன். யளனக யளனக யளனக. மாமா படுத்து யோசிப்பார். தலைவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பார். அம்மா மலைக்குப் புறப்படும் முன் தேத்தண்ணி ஊற்றி வைக்கும்போது, மெசின் பக்கத்தில் ஒன்றுக்கு இரண்டு கோப்பையாக வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

என் வேகம் நாளுக்கு நாள் ஏறியது. அதற்குக் காரணம் நானல்ல. அப்பா மலையிலிருந்து இறங்கும்போது லயத்து முனையில் ஓர் இருமல் இருமுவார். அது கேட்டால் நான் இறங்க வேண்டும், மாமா ஏற வேண்டும். எந்த நேரம் வரும் என்று தெரியாது. அதனால் அது வரும் வரும் என்று நினைத்து நினைத்தே என் விரல்கள் ஓடின. முதுகில் வியர்க்கும். வியர்க்க வியர்க்க வேகம் கூடும். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "கங்காணி மச்சினன் கைய பாத்தீங்களா, மழ கொட்டுற மாதிரி!" என்று சொல்லும்போது, பின்னால் வாளியோடு நிற்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். என் முதல் வாசகர்கள் அவர்கள். ஒரு வரி படித்ததில்லை.

மாமா தன் வரிகளை அப்பாவின் சாப்பாட்டு நேரத்துக்கென்று சேர்த்து வைத்துக்கொள்வார். அப்பா சோறு பிசைவார். மாமா பக்கத்தில் இருந்து அடிப்பார். டக். டக்டக். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் டக்.

"என்ன மாப்ள, நான் வந்தா மட்டும் கை கட்டிக்குது? பகல்ல மழையாட்டம் கொட்டுதுன்னு தலைவரு சொல்றாரு."

"ஒங்களக் கண்டா ஒரு மரியாத மச்சான்."

அப்பா சோற்றைப் பார்த்தார். அப்புறம் என் தட்டைப் பார்த்தார். என் விரல் நுனிகளில் ரிப்பன் மை கறுப்பாக ஏறியிருந்தது.

"என்னடா அது?"

"பேனா கசிஞ்சிருச்சுப்பா."

விடுமுறை தொடங்கி எத்தனையோ நாளாயிற்று. நான் புத்தகப் பையைத் திறந்ததே இல்லை. ஆனால் என்ன சமயோசிதம், என்ன வேகமான பதில் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்பா, "கழுவிட்டுத் தின்னு" என்று மட்டும் சொன்னார். அப்பாக்களை ஏமாற்றுவது இவ்வளவு லேசா என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

பொங்கல் நெருங்கியது. நாடகம் கடைசிக் காட்சியில் வந்து நின்றுவிட்டது. மாமாவுக்கு அது வரவில்லை. கூரையில் இருந்து வரவில்லை, பீடியில் இருந்து வரவில்லை. கதையில் ஒரு வீட்டுப் பையன் ஒருவருக்கும் சொல்லாமல் கொழும்புக்குப் போய்விடுகிறான். அவனுடைய அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். வந்து? அதற்குமேல் மாமா எத்தனை பேரை எத்தனை விதமாக அழவிட்டுப் பார்த்தாலும் கிழித்துப் போட்டார். கடைசியில் தண்டவாளத்தில் நடந்தால் வரும் என்று ஒரு நம்பிக்கை. தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வந்து, ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். "நாடகமும் அப்படித்தான் முடியணும் மருமகனே. சுத்தி வந்து நம்ம காலுக்குக் கீழேயே போகணும்" என்று சொல்லிவிட்டு ஒருநாள் காலை இறங்கிப் போனார். "சத்தம் மட்டும் நிக்கக்கூடாது" என்று வாசலில் திரும்பிக் கிசுகிசுவென்றும் சொன்னார்.

அவர் போனதும் மழை பிடித்தது. மார்கழி மழை எங்கள் பக்கம் பெய்தால் தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. நான் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு விரலை எடுத்தேன். மழைதான் அடித்துக்கொண்டிருக்கிறதே, நான் எதற்கு? மாமாவின் கட்டிலில் ஏறி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மாமா மாதிரியே கூரையைப் பார்த்தேன். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு வெகு நாளாகச் சந்தேகம். துரு இருந்தது. கண் செருகியது.

மழை எப்போது நின்றது என்று தெரியாது. எழுப்பியது அமைதிதான். கூரையிலிருந்து ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு. பிறகு ஓர் இருமல்.

லயத்து முனையில் இல்லை. எங்கள் இஸ்தோப்பில். கதவுக்கு அந்தப் பக்கம்.

"மண்ணு சரிஞ்சு மலைப் பாத அடைச்சிருச்சு தலைவரே. ஆளுங்கள எல்லாம் அனுப்பிட்டேன்" என்றது அப்பாவின் குரல்.

"அது கெடக்கட்டும் கங்காணி. ரொம்ப நேரமா உள்ள சத்தமே இல்ல" என்றது தலைவரின் குரல். தடி ஊன்றி எங்கள் இஸ்தோப்புக்கே வந்துவிட்டார்.

"மழையில ஒங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"இப்ப மழ இல்லையே. கேளுங்க."

இரண்டு பேரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். சொட்டு.

"கதவத் தெறங்க கங்காணி. எங்க வூட்டுக்காரி மழையில நின்னு வாங்குனா அரப்பேரு. ஒங்க மாப்ள போர்வைக்குள்ள என்ன பேரு வாங்குறாருன்னு பாத்துருவோம். நாளைக்குப் பெரட்டுல நானே எல்லாருக்கும் சொல்றேன்."

நான் கட்டிலில் இருந்து பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் தேத்தண்ணிக் கோப்பை உருண்டது. மாமாவுக்கு முள்ளு, மெசின் பதுளைக்கு, நாடகம் அடுப்புக்கு, எனக்கு அப்பாவின் தோல் வார். எல்லாம் ஒரே வரிசையில் கண்முன் வந்து நின்றன. பத்து விரலையும் ஒன்றாக இறக்கினேன். யளனகயளனகதமட! வாழ்நாளில் அப்படி ஒரு வேகத்தில் அடித்ததில்லை. போன மாதம் அந்தத் திரையின் முன்னால் கூட. மெசின் அரை வரி தாங்கியது. அப்புறம் எழுத்துக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ந்து, கொத்தாகப் பின்னிக்கொண்டு, தாளின் முன்னால் அப்படியே நின்றுவிட்டன.

அமுக்கினேன். அசையவில்லை. இழுத்தேன். இழுத்த இழுப்பில் இன்னும் இரண்டு கம்பி சேர்ந்து சிக்கியது. சத்தம் வேண்டும், ஏதாவது ஒரு சத்தம். உருளையைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளினேன், அந்தப் பக்கம் தள்ளினேன். வரி முடிகிற இடத்தில் ஒரு மணி உண்டு. அது மட்டும் வேலை செய்தது. டிங். தள்ளினேன். டிங்.

"என்ன கங்காணி, உள்ள பூச நடக்குதா?" என்றார் தலைவர்.

கதவு திறந்தது.

அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தலையில் போட்டிருந்த கம்பளியில் இருந்து தண்ணீர் வடிந்தது. என்னைப் பார்த்தார். சிக்கிய கம்பிகளைப் பார்த்தார். பின்னால் சுருண்டு கிடந்த போர்வையையும் வெறும் கட்டிலையும் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்றபடி தலைவரின் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீண்டது. அப்பாவின் கம்பளியும் அதே பக்கம் நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எழும்ப வேணாம் மாப்ள, எழும்ப வேணாம்" என்றார் அப்பா.

கண்ணைத் திறந்தேன். கட்டிலோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க பாட்டுக்குச் செய்ங்க. ஒண்ணுமில்ல, நம்ம தலைவருக்கு ஒங்க சத்தம் கேக்காம பகல் தூக்கம் வரலையாம்." திரும்பி, தாழ்ந்த குரலில் தலைவரிடம், "வேல செய்ற ஆளு மூஞ்சில போய் நிக்கக்கூடாது தலைவரே. மலையில நானே நிக்கமாட்டேன். மேல நின்னுதான் பாப்பேன்" என்றார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அப்பாவுக்குக் கண் போய்விட்டது. மழையில் நனைந்து நனைந்து பார்வை கெட்டுவிட்டது. இல்லையென்றால் இது அடிக்கு முந்திய மரியாதை. புலி பாய்வதற்கு முன் பதுங்குகிற வகை. எதுவானாலும் என் முதுகு தயாராகிக்கொண்டது.

அவர் வார் எடுக்கவில்லை. மெசினுக்கு முன்னால் குனிந்தார். கம்பிகளை ஒவ்வொன்றாக, பெருவிரலால், ஒடியாமல் பிரித்துப் பின்னால் தள்ளினார். என்னை நகரச் சொல்லிக் கையால் காட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஈரம் போர்வையில் ஊறியது. ஒரே ஒரு விரலை நீட்டி, ஓர் எழுத்தின் மேல் வைத்து, அமுக்கினார்.

டக்.

சுவரைப் பார்த்தார். காத்திருந்தார். இன்னொன்று.

டக்.

அப்பா, இவ்வளவு மெதுவா! எனக்கு உயிர் போனது. இந்த வேகத்தில் போனால் தலைவர் இப்போதே கதவை உடைப்பார். நான் அடிக்கிறேன், நான் மழையாகக் கொட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா விரலை உதட்டில் வைத்தார். டக். நெடு நேரம் ஒன்றுமில்லை. டக்டக்.

வெளியே தடி ஒருமுறை அசைந்தது. "ம்" என்றார் தலைவர். குரலில் முன்பிருந்த சூடு இல்லை. "இன்னைக்குத்தான் யோசிச்சு எழுதுறாரு போல." தடிச் சத்தம் மெல்ல மெல்ல அடுத்த இஸ்தோப்புக்குப் போனது.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் அடித்தார். பிறகு எழுந்தார். தாளில் என் யளனகக்களுக்கு நடுவில் ஒரே எழுத்து, திரும்பத் திரும்ப, ப, ப, ப என்று நின்றது.

"மாமா எங்க?" என்று என் காதோடு கேட்டார். நானும் கிசுகிசுத்தேன்.

"தண்டவாளத்துல."

"கொட கொண்டு போனாரா?"

"இல்ல."

மூலையில் இருந்த குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். "போய்க் குடு. மறுபடி மழ கட்டுது பாரு." அவ்வளவுதான். குடையைச் சாக்கு வைத்து, குற்றவாளியை அழைத்து வர என்னையே அனுப்புகிறார் என்று நான் புரிந்துகொண்டேன். என்ன தந்திரம்!

இறங்கி ஓடினேன். சுரங்க வாய்க்குப் பக்கத்தில், நனைந்த கோழி மாதிரி மாமா எதிரே வந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பி சிக்கியது, மணி அடித்தது, தலைவரின் கழுத்து.

"மாமா, அப்பாவுக்குக் கண்ணு போச்சு! வெறுங்கட்டிலப் பாத்து 'எழும்ப வேணாம் மாப்ள'ங்குறாரு!"

மாமா தண்டவாளக் கட்டையின் மேல் அப்படியே நின்றார்.

"என்ன சொன்னாரு? வாசல்ல நின்னு சொன்னாரா, உள்ள வந்து சொன்னாரா?"

"வாசல்ல நின்னு. கண்ணு போச்சுன்னு சொல்றேன், நீங்க என்னமோ..."

"தலைவரு அப்ப எங்க நின்னாரு? திரும்பச் சொல்லு. மொதல்லருந்து."

திரும்பச் சொன்னேன். மூன்றாவது முறையும் சொல்ல வைத்தார். பிறகு குடையை வாங்கி, விரிக்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுபடி பிடித்த மழையில் எனக்கு முன்னால் வேகமாக ஏறினார். அவர் வேகமாகச் செய்து நான் பார்த்த ஒரே காரியம் அதுதான்.

அன்று மாலை மாமா மெசினில் உட்கார்ந்தார். டக். டக்டக். ஒன்றுமில்லை. டக். அப்பா பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கட்டிக்கொள்கிறதா என்று கேட்கவில்லை. மரியாதை பற்றியும் பேச்சில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் தடி தட்டவில்லை. நான் மட்டும் எப்போது அடி விழும் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் முதுகை நெளித்துக்கொண்டிருந்தேன். பொங்கல் வரைக்கும் நெளித்தேன். பொங்கலன்றும் நெளித்தேன். விழவில்லை. நாடகம் தபாலில் போனது. மெசின் சாக்கில் ஏறிப் பதுளைக்குப் போனது. போய்ச் சேர்ந்ததும் நானா ரிப்பனைப் பார்த்துவிட்டு, "ஒரு நாடகத்துக்கு இவ்வளவு தேஞ்சிருக்கே தம்பி, புராணம் எழுதினீங்களா?" என்று கேட்டாராம்.

மாசியில் ஒரு சாயங்காலம் வானொலியில் நாடகம் வந்தது. எங்கள் வானொலிப் பெட்டியை இஸ்தோப்பில் வைத்தோம். லயமே வந்து குந்தியது. மாமா வரவில்லை, பதுளையில், நானா கடையில் கேட்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். தலைவர் கட்டு அவிழ்த்த காலோடு, தன் முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டார். அவர் மனைவி அம்மாவோடு உட்கார்ந்தாள்.

கடைசிக் காட்சி. பையன் கொழும்புக்குப் போய்விட்டான். ஊர் முழுக்க அவனைத் திட்டுவதற்கென்று வாசலில் நிற்கிறது. அப்பாக்காரர் வேலை முடிந்து வருகிறார். கதவு திறக்கிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பெட்டி கெட்டுவிட்டதோ என்று யாரோ தட்டப் போனார்கள். அப்போது அந்த மனிதர், வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்: "எழும்ப வேணாம்ப்பா. படுத்திரு. எழும்ப வேணாம்."

பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். தலைவரின் மனைவி விக்கினாள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டுச் சத்தம் போட்டுக் காப்பாற்றிய நாடகத்தில் மாமா இப்படி ஒரு பிழை விட்டிருக்கிறாரே!

"அது பிழை!" என்று எழுந்து நின்று கத்தினேன். "அங்கதான் ஆளே இல்லையே! வெறுங்கட்டிலோட யாராச்சும் பேசுவாங்களா?"

தலைவர் தன் முக்காலியில் இருந்தபடி, மிக மெதுவாகத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா யாரையும் பார்க்காமல் எழுந்து, காதில் செருகியிருந்த பீடியை எடுத்துக்கொண்டு, படியிறங்கிக் கொய்யா மரத்தடிக்குப் போனார். பற்ற வைக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஒருமுறை இருமினார்.

அவருக்கு நாடகம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கண் இன்னும் சரியாகவில்லை போல என்றும் நினைத்தேன். ஆனால் அந்த இருமல் காதில் விழுந்ததும் என் பத்து விரல்களும், கேட்பாரில்லாமல், என் தொடையின் மேல் வேகம் பிடித்து ஓட ஆரம்பித்தன.